சிங்கப்பூர் – நியூயார்க்: 15,349 கிலோமீட்டரா, 16,700 கிலோமீட்டரா?

2 ஜனவரி 2024 – வாசகர் கேள்வி

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரம் என்று தேடினால் 15,349 கி.மீ. என்று வருகிறது. பெரிய விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும் என்கிறார்கள். வகுத்தால் பதினேழு மணி நேரம். ஆனால் டிக்கெட்டில் பதினெட்டே முக்கால் மணிக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறது. வேறொரு இடத்தில் 16,700 கி.மீ. என்று படித்தேன். எதை நம்புவது? சென்னையில் இருக்கும் அப்பா அம்மாவை இந்த வழியாக நியூயார்க்குக்கு அழைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

3 ஜனவரி, காலை

இரண்டு எண்ணுமே சரிதான். 15,349 என்பது பூமியின் மேல் அளந்தால் கிடைக்கும் மிகக் குறுகிய தூரம். 16,700 என்பது 2018இல் நியூயார்க்கை ஒட்டிய நெவார்க் நகருக்கு விமானத்தைத் திரும்பத் தொடங்கியபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அறிவித்த பறக்கும் தூரம். சராசரியாக 18 மணி 45 நிமிடம் ஆகும் என்றும் அப்போதே சொன்னார்கள்.

முதல் எண்ணை நாமே கையால் போட்டுப் பார்க்கலாம். சாங்கி வடக்கே 1.36 டிகிரி, கிழக்கே 104 டிகிரி. ஜேஎஃப்கே வடக்கே 40.64, மேற்கே 73.8. கிழக்கையும் மேற்கையும் கூட்டினால் 177.8. கிட்டத்தட்ட 180. அதாவது சிங்கப்பூரின் தீர்க்கரேகையை வடதுருவம் வரை பிடித்துக்கொண்டு போய், அந்தப் பக்கம் இறங்கினால் நியூயார்க் வந்துவிடும். சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.64 டிகிரி. துருவத்திலிருந்து ஜேஎஃப்கேவுக்கு 49.36. மொத்தம் 138 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. பெருக்கினால் 15,346. கணினி கொடுக்கும் எண்ணுக்கும் இதற்கும் மூன்று கிலோமீட்டர்தான் வித்தியாசம்.

வேறு எந்த இரண்டு பெரிய நகரங்களுக்கும் கணக்கு இவ்வளவு லேசாக அமைவது அபூர்வம். பள்ளிக்கூடத்தில் தீர்க்கரேகை படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் உட்கார வைத்துச் செய்து காட்டுங்கள்.

3 ஜனவரி, இரவு

உலக உருண்டையில் நூல் கட்டிப் பார்த்ததாக ஒருவர் எழுதியிருக்கிறார். நூல் சீனா வழியாகப் போகிறதே என்று கேட்கிறார். ஆமாம், அப்படித்தான் போகும். சிங்கப்பூரிலிருந்து கிளம்பி தாய்லாந்து வளைகுடா, கம்போடியா, லாவோஸ், சீனாவில் குன்மிங் பக்கம், மங்கோலியா, பைக்கால் ஏரிக்குக் கொஞ்சம் மேற்கே சைபீரியா. அப்புறம் துருவத்திலிருந்து ஏறக்குறைய 280 கி.மீ. தள்ளிக் கடந்து, கிரீன்லாந்தின் வடமேற்கு ஓரம், பாஃபின் தீவு, மொன்றியாலை ஒட்டி நியூயார்க். சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தில் இதைப் பார்க்கவே முடியாது. அதில் துருவம் மேல் ஓரத்துக்கு வெளியே போயிருக்கும்.

இந்த நூல் வழியில் அப்படியே யாரும் பறப்பதில்லை. அதுதான் விஷயமே. நாளை எழுதுகிறேன்.

5 ஜனவரி

நான் இருப்பது சிங்கப்பூரில். மகள் நியூஜெர்சியில். அதனால் இந்த விமானம் எனக்கு நன்றாகப் பழகிய ஒன்று. ஏறியதும் முன்சீட்டின் திரையில் படத்தைத் தேடமாட்டேன், பாதை காட்டும் பக்கத்தைத்தான் போட்டு வைப்பேன். விமானம் சாங்கியில் எழும்பி வடக்கே திரும்பும் என்று பூகோளம் படித்தவர்கள் எதிர்பார்ப்பார்கள். பெரும்பாலும் வடகிழக்கே திரும்பி பிலிப்பைன்ஸ், தைவான் பக்கமாக ஏறி, ஜப்பானைத் தொட்டுக்கொண்டு வடபசிபிக்கில் நுழையும். ஜப்பானைத் தாண்டும்போது தரைவேகம், அதாவது தரையைப் பொறுத்து மணிக்கு எத்தனை கி.மீ. என்கிற எண்ணைப் பாருங்கள். தென்சீனக் கடல் மேலே 890, 900 என்று இருந்தது மெல்ல 950 ஆகும், 1,010 ஆகும், ஒரு முறை 1,096 வரை பார்த்தேன். வெளியே மைனஸ் 56 டிகிரி. பக்கத்து சீட்டுக்காரர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்பிக் காட்டலாமா என்று கூடத் தோன்றியது.

என்ஜின் அதே வேலையைத்தான் செய்கிறது. காற்றில் அதே 900தான் ஓடுகிறது. மீதி 196 காற்று தந்த வேகம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் ஸ்ட்ரீம்தான் காரணம். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே ஓடும் பகுதி உலகத்திலேயே மிகப் பலமான இடங்களில் ஒன்று. மணிக்கு 300 கி.மீ.க்கு மேலும் போகும்.

ஆற்றோடு போகும் படகுக்கு ஒரு கணக்கு, எதிர்த்துப் போகும் படகுக்கு ஒரு கணக்கு. கரையில் நிற்பவன் அளக்கும் தூரம் படகோட்டிக்கு உதவாது. தண்ணீரில் எவ்வளவு துடுப்பு போட வேண்டும் என்பதுதான் அவன் கவலை. விமானிக்கும் அதே கவலைதான். எரிபொருளும் நேரமும் காற்றில் கடக்கும் தூரத்துக்குத்தான் செலவாகின்றன, தரையில் கடக்கும் தூரத்துக்கு அல்ல. 16,500 கி.மீ. போனாலும் வழி நெடுகச் சராசரியாக 100 கி.மீ. காற்று பின்னால் தள்ளினால் பதினாறரை மணி நேரம். காற்றே இல்லாமல் 15,349ஐப் பறந்தால் பதினேழு. அதனால்தான் நீளமான வழி சில நாட்களில் குறுகிய வழியைவிடச் சீக்கிரம் போய்ச் சேர்கிறது.

5 ஜனவரி, கொஞ்சம் கழித்து

ஜெட் ஸ்ட்ரீம் பற்றி எழுதியதும் ஒருவரைச் சொல்லாமல் விட மனமில்லை. வாசபுரோ ஓயிஷி என்று ஒரு ஜப்பானிய வானிலை அறிஞர். 1920களில் டட்டேனோ என்ற இடத்திலிருந்து பலூன்களை மேலே விட்டு, அது எங்கே எவ்வளவு வேகத்தில் போகிறது என்று தொலைநோக்கியில் பார்த்துப் பார்த்துக் குறித்தார். குளிர்காலத்தில் மேலே அசுரவேகக் காற்று ஓடுவதைக் கண்டுபிடித்து 1926இல் வெளியிட்டார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று எஸ்பெராண்டோ மொழியில் எழுதினார். உலகம் படிக்கவில்லை. 1944இல் அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானிகள் ஜப்பானுக்கு மேலே வந்து அந்தக் காற்றில் மாட்டிக்கொண்ட பிறகுதான் மற்றவர்களுக்கு உறைத்தது.

இன்று நாம் அந்தக் காற்றில்தான் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு போகிறோம். அவர் பெயரை ஏதாவது ஒரு விமானத்துக்கு வைக்கலாம் என்பது என் ஆசை.

7 ஜனவரி

“காற்றெல்லாம் இல்லை, பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுற்றுகிறது, அதனால்தான் ஒரு பக்கம் சீக்கிரம், ஒரு பக்கம் தாமதம்” என்று கோவை நண்பர் எழுதியிருக்கிறார். இதைப் பலர் நம்புகிறார்கள், பெரிய மனிதர்கள்கூடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இது சரியில்லை.

பூமி சுற்றும்போது காற்றுமண்டலமும் கூடவே சுற்றுகிறது. ஓடுபாதையில் நிற்கும் விமானமும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. எழும்பியதும் அந்த வேகம் அதை விட்டுப் போய்விடாது. அப்படிப் போகுமானால் நிலநடுக்கோட்டில் மணிக்கு 1,600 கி.மீ.க்கு மேல் வித்தியாசம் வர வேண்டும். மேலே குதித்தவன் பக்கத்துத் தெருவில் விழ வேண்டும். வருவது நூறு இருநூறு கிலோமீட்டர் வித்தியாசம்தான். அது காற்றின் வேகத்தோடு ஒத்துப்போகிறது, அன்றன்றைக்கு மாறவும் செய்கிறது. பூமியின் சுழற்சி தினமும் மாறுமா?

சுழற்சிக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லமாட்டேன். வெப்பமண்டலத்திலிருந்து வடக்கே போகும் காற்றை கிழக்குப் பக்கம் வளைத்து ஜெட் ஸ்ட்ரீமை உண்டாக்குவது அதுதான். ஆகவே கோவை நண்பர் இரண்டு படி தாண்டிச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

நல்ல சாட்சி ஒன்று இந்தியாவிலேயே இருக்கிறது. ஏர் இந்தியாவின் டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானம் முதலில் அட்லாண்டிக் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. 2016 அக்டோபரில் பசிபிக் வழிக்கு மாற்றினார்கள். பறந்த தூரம் ஏறக்குறைய 13,900இலிருந்து 15,300 கி.மீ. ஆனது. ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் அதிகம். ஆனால் போய்ச் சேர்ந்தது பதினான்கரை மணி நேரத்தில், முன்பைவிட இரண்டு மணி நேரம் குறைவு. எதிர்காற்றில் முட்டிக்கொண்டு போனதை விட்டு, காற்றோடு போனார்கள்.

இன்னொன்று: 2020 பிப்ரவரியில் சியாரா புயல் அடித்தபோது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.ஐத் தாண்டியது. “ஒலியை மிஞ்சிவிட்டதா?” என்று என் மருமகன் கேட்டார். இல்லை. காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் இருந்தது.

8 ஜனவரி

முதல் கேள்விக்கே திரும்புகிறேன். டிக்கெட்டில் போடுவது கேட்டிலிருந்து கேட் வரைக்குமான நேரம். கதவைச் சாத்திப் பின்னால் தள்ளுவது முதல் அங்கே நிறுத்துவது வரை. ஜேஎஃப்கேவில் ஓடுபாதைக்கு வரிசையில் ஊர்ந்து போவதே அரை மணி நேரம் ஆகும். சாங்கியிலும் கொஞ்சம். இரண்டு பக்கமும் சேர்த்து முக்கால் மணி என்று வையுங்கள். 18:45இல் பறக்கும் நேரம் பதினெட்டு மணி. 16,700ஐப் பதினெட்டால் வகுத்தால் 928. பார்த்தீர்களா, 15,349ஐ டிக்கெட்டில் உள்ள பதினெட்டே முக்காலால் வகுத்தால் 820தானே வரும்? விமானம் மெதுவாகப் போகவில்லை. நாம் வகுத்த தூரம்தான் வேறு.

8 ஜனவரி, இரவு

“நெவார்க்குக்கும் ஜேஎஃப்கேவுக்கும் எது நீளம்?” ஜேஎஃப்கே, ஐந்து கிலோமீட்டர் அதிகம். நெவார்க் 15,344. இதை வைத்து உலகின் மிக நீளமான விமானப் பயணம் எது என்று சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள். போடட்டும்.

11 ஜனவரி

எரிபொருளைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். இந்த வழியில் ஓடும் ஏர்பஸ் ஏ350-900யுஎல்ஆர் (யுஎல்ஆர் என்றால் அதிநீண்ட தூரம்) விமானத்தில் 1,65,000 லிட்டர் கொள்ளும். சாதாரண ஏ350-900ஐவிட 24,000 லிட்டர் கூடுதல். எடைக்கு மாற்றினால் ஏறக்குறைய 130 டன். விமானம் எழும்பும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடை 280 டன். கிட்டத்தட்ட பாதி எடை எரிபொருள்தான்!

இங்கேதான் நீண்ட தூரப் பயணத்தின் கஷ்டமே. கடைசி இரண்டு மணி நேரத்துக்கான எரிபொருளை முதல் பதினாறு மணி நேரம் சுமந்துகொண்டு போக வேண்டும். அதைச் சுமக்க இன்னும் எரிபொருள் வேண்டும். அதனால் ஆள் எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள். யுஎல்ஆரில் 161 இருக்கைதான்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமியே கிடையாது. அதே நிறுவனத்தின் வழக்கமான நீண்ட தூர ஏ350இல் 253 பேர் போகிறார்கள். டிக்கெட் விலை ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

2004 ஜூனில் முதன்முதலாக இந்த வழியைத் தொடங்கியபோது நான்கு என்ஜின் வைத்த ஏ340-500 ஓடியது. முதலில் 181 இருக்கை, 2008இல் எல்லாவற்றையும் பிசினஸ் ஆக்கி 100 இருக்கை. எண்ணெய் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். இரண்டு என்ஜினில் அதே தூரம் போகும் விமானம் வரும்வரை ஐந்து வருடம் காத்திருந்து 2018 அக்டோபர் 11 அன்று மறுபடி தொடங்கினார்கள். அந்த முதல் விமானம் இரவு பதினொன்றரை தாண்டிப் புறப்பட்டு விடிகாலை 5:29க்கு நெவார்க்கில் இறங்கியது. 17 மணி 52 நிமிடம்தான் ஆனது, குறித்த நேரத்துக்கு முன்பே. தூரம் என்றைக்கும் இருந்ததுதான். அதைக் கடக்கக் கட்டுப்படியாகும் என்ஜின்தான் பின்னால் வந்தது.

விமானிகள் நான்கு பேர், இரண்டிரண்டு பேராக மாறிமாறி. தொடக்கத்தில் பாரம் அதிகம் என்பதால் கொஞ்சம் தாழவே பறக்கும். எரிபொருள் தீரத்தீர படிப்படியாக மேலே ஏறும். திரையில் உயரத்தைக் கவனித்தால் இது தெரியும். தூங்கி எழுந்து பார்த்தால் இரண்டாயிரம் அடி கூடியிருக்கும்.

14 ஜனவரி – பொங்கலுக்கு முந்தைய நாள், வீட்டில் சுத்தம் செய்யும் வேலை நடுவே

“போகும்போது கிழக்கே போனால் வரும்போது மேற்கே எதிர்காற்றில்தானே வர வேண்டும்?” நல்ல கேள்வி. இந்த இழையிலேயே எனக்கு மிகப் பிடித்த கேள்வி.

வேண்டியதில்லை! 177.8 டிகிரியை மறக்காதீர்கள். இரண்டு ஊரும் பூமியின் எதிரெதிர்ப் பக்கம். கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் ஏறக்குறைய அதே தூரம். அதனால் சிங்கப்பூரிலிருந்து பசிபிக் வழியாகக் கிழக்கே போகலாம். நியூயார்க்கிலிருந்து அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக அதுவும் கிழக்கே வரலாம். இரண்டு முறையும் காற்று முதுகில்தான் இருக்கும். போய்த் திரும்பியவர் உலகத்தையே ஒரு சுற்று சுற்றியிருப்பார். காற்று வேறு மாதிரி அமையும் நாளில் நியூயார்க் விமானம் வடக்கே ஏறி அலாஸ்கா, ஜப்பான் பக்கமாகவும் வரும். எந்த வழி என்பதைப் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு, அன்றைய காற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

ஐரோப்பா வழியாகத் திரும்பிய ஒரு பயணத்தில், சூரியன் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று வெகுநேரம் யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன். போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. பேரனிடம் சொன்னபோது, “அப்போ தாத்தா, நீங்க இன்னும் வீட்டுக்கு வரவே இல்லை, போய்க்கிட்டேதான் இருக்கீங்க” என்றான். ஐந்து வயது.

கடிகாரமும் வேடிக்கை. மார்ச் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை நியூயார்க்குக்கும் சிங்கப்பூருக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். முள் வைத்த கைக்கடிகாரம் கட்டியிருந்தால் தொடவே வேண்டாம். பகல் இரவு மட்டும்தான் மாறும். குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் திருப்ப வேண்டும். உடம்புக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. பன்னிரண்டு மணி நேரம் புரண்டால் அதற்குமேல் புரள இடமில்லை. மகள் வீட்டில் விடிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு காபி போடுவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

17 ஜனவரி

5ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். நூல் வழியை விட்டு விலகுவதற்குக் காற்றை மட்டும் காரணமாகச் சொன்னது போல ஒலிக்கிறது. நாடுகளின் வான்வெளியையும் சேர்க்க வேண்டும். சொல்லப்போனால் இந்த இரண்டு வருடத்தில் அதுதான் பெரிய காரணமாகிவிட்டது.

2022 பிப்ரவரி கடைசியில் ஐரோப்பா ரஷ்ய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. பதிலுக்கு ரஷ்யாவும் ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியது. ஃபின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனத்தைப் பாருங்கள். ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு சைபீரியா வழியாக ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். ஆசியாவுக்கு மிகக் குறுகிய வழி எங்கள் ஊர்தான் என்பதே அந்த நிறுவனத்தின் வியாபாரம். ஒரே வாரத்தில் அது போயிற்று. மார்ச் மாதமே வடதுருவத்தைச் சுற்றிக்கொண்டு பதின்மூன்று மணி நேரம் பறக்க ஆரம்பித்தார்கள். துருவத்தைக் கடந்ததற்குப் பயணிகளுக்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். இரண்டு நகரமும் அங்கேயேதான் இருக்கின்றன. நடுவில் மூன்றரை மணி நேரம் முளைத்துவிட்டது.

தூரத்தை வைத்து நேரத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த ஒன்றை நினைவில் வைத்தால் போதும் என்று எனக்குப் படுகிறது.

துருவப் பக்கம் போவதில் வேறு சங்கடங்களும் உண்டு. ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரியில் உறையத் தொடங்கும் என்பதால் டேங்க் வெப்பத்தைக் கவனித்துக்கொண்டே போக வேண்டும், அவசரத்துக்கு இறங்க ஓடுபாதைகள் மிகக் குறைவு, நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கும் செயற்கைக்கோள்கள் அங்கே எட்டாது. எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு திட்டம், ஒரு அனுமதி.

20 ஜனவரி

யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், “இலங்கைக்கும் இந்த மாதிரிப் பறப்புக்கும் ஏதும் தொடர்பு இருக்கா?” என்று கேட்டிருக்கிறார். இருக்கிறது அண்ணே, அதுவும் எப்பேர்ப்பட்ட தொடர்பு!

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போகும் விமான வழி அதோடு அறுந்தது. வழியை மறுபடி இணைக்க குவாண்டஸ் நிறுவனம் 1943 ஜூன் கடைசியில் ஒரு காரியம் செய்தது. பெர்த் நகரின் ஸ்வான் ஆற்றிலிருந்து இலங்கையில் காலி நகருக்குப் பக்கத்தில் இருக்கும் கொக்கலை ஏரிக்கு, இந்தியப் பெருங்கடலை ஒரே மூச்சில் கடக்கும் சேவை. கேட்டலீனா என்ற படகு விமானம். தண்ணீரில்தான் எழும்பும், தண்ணீரில்தான் இறங்கும். தூரம் 5,650 கி.மீ. நேரம்? இருபத்தேழு மணி முதல் முப்பத்திரண்டு மணிக்குக் கொஞ்சம் மேல் வரை. மணிக்கு 200 கி.மீ. போனால் பெரிது. எரிபொருளுக்கே எடை எல்லாம் போய்விடுவதால் மூன்று பயணிகளும் கொஞ்சம் தபாலும்தான் ஏற்ற முடிந்தது. மேலே 11ஆம் தேதி சொன்ன அதே எரிபொருள் கணக்கு, எண்பது வருடம் முன்பு.

ஜப்பானிய ரோந்து விமானங்கள் இருந்ததால் ரேடியோவைத் தொடக்கூடாது. நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் திசை. ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்தான்: அல்டேர், வேகா, ரைஜல், அன்டாரீஸ், ஸ்பைகா. ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு முறை உதிப்பதைப் பார்த்ததால் இரட்டைச் சூரியோதயம் என்று பெயர். பயணிகளுக்கு ‘இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்கம்’ என்று ஒரு சான்றிதழும் உண்டு. 1945 ஜூலை வரை 271 முறை கடந்தார்கள். அவற்றில் மிக நீண்டது 32 மணி 9 நிமிடம். பயணிகள் விமானச் சேவையில் அவ்வளவு நேரம் தொடர்ந்து வானத்தில் இருந்தது அதற்குப் பிறகு இல்லை. அப்போது 5,650 கி.மீ.க்குப் பிடித்த நேரத்தில் இன்று சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போய் இறங்கி, ஒரு தூக்கமும் போடலாம்.

காலிப் பக்கம் போகிறவர்கள் கடற்கரையோடு திரும்பிவிடாமல் கொக்கலை ஏரியையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.

20 ஜனவரி, இரவு

அதே குவாண்டஸ்தான் இப்போது சிட்னி – லண்டன் நேராகப் பறக்கத் தயாராகிறது. ஏறக்குறைய 17,000 கி.மீ. ஏ350-1000யுஎல்ஆர், பின்பக்கம் 20,000 லிட்டருக்குத் தனி டேங்க், 238 இருக்கை, இருபத்திரண்டு மணி நேரம் வரை. திட்டத்தின் பெயர் புராஜெக்ட் சன்ரைஸ். பழைய சூரியோதயத்தை நினைத்து வைத்த பெயர். 2019இல் ஆள் குறைவாக ஏற்றி போயிங் 787இல் ஒத்திகை பார்த்தார்கள். நியூயார்க் – சிட்னி 19 மணி 16 நிமிடம், லண்டன் – சிட்னி 19 மணி 19 நிமிடம். பூமியில் இரண்டு இடங்களுக்கு நடுவே இருக்கக்கூடிய அதிகபட்சத் தூரமே இருபதாயிரம் கி.மீ.தான். அதற்குமேல் போனால் நெருங்கத் தொடங்கிவிடுவோம். எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள்.

24 ஜனவரி

கேள்வி கேட்டவருக்கு இன்னும் நேரடியான பதில் சொல்லவில்லை. அப்பா அம்மா சென்னையிலிருந்து வருகிறார்கள். அதுதான் முக்கியம்.

சென்னையிலிருந்து நியூயார்க் நேர்கோட்டில் ஏறக்குறைய 13,500 கி.மீ. சிங்கப்பூர் வழி என்றால் சென்னை – சிங்கப்பூர் 2,900, அப்புறம் 15,349. மொத்தம் பதினெட்டாயிரத்துச் சொச்சம். துபாய் வழி என்றால் சென்னை – துபாய் 2,900, துபாய் – நியூயார்க் 11,000. மொத்தம் பதினான்காயிரத்துக்குள். நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம். நேரத்தில், பறப்பது மட்டும் சிங்கப்பூர் வழியில் இருபத்துமூன்று மணி பக்கம், துபாய் வழியில் பதினெட்டு மணி பக்கம். இவ்வளவு வித்தியாசத்தைக் காற்று ஈடுகட்டாது. சிங்கப்பூரில் இருக்கும் எனக்கு இந்த விமானம் வரம். சென்னையில் இருப்பவர்களுக்கு இது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வழி. நடுவில் சிங்கப்பூரில் நாலு நாள் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் போவதானால் அது வேறு கதை, தாராளமாக வரட்டும்.

இன்னொன்று. இடையில் இறங்காமல் போவதுதான் வயதானவர்களுக்கு நல்லது என்று வெகுநாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை. என் மனைவிக்கு முழங்கால் வலி. பதினெட்டு மணி நேரம் மடக்கிய கால், இறங்கும்போது கணுக்கால் வீங்கி செருப்பு நுழையவில்லை. பிராங்பர்ட்டில் நின்று போகும் சிங்கப்பூர் விமானத்தில் அடுத்த முறை போனோம். மொத்த நேரம் அதிகம்தான், ஆனால் அங்கே இறங்கிக் கொஞ்ச நேரம் நடந்தது அவளுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. எனக்கோ ஒரே மூச்சில் போவதுதான் பிடிக்கும். ஒரே வீட்டிலேயே இரண்டு விதம். ஆகவே பெற்றோரிடம் தூரத்தைச் சொல்லாதீர்கள். தொடர்ந்து எத்தனை மணி நேரம் உட்கார முடியும் என்று கேளுங்கள். விடை அதில்தான் இருக்கிறது.

26 ஜனவரி

துபாய் வழியே போடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது. சக்கர நாற்காலி வேண்டும் என்பதை டிக்கெட் போடும்போதே பதிந்துவிடுங்கள், விமான நிலையத்தில் போய்க் கேட்டால் காத்திருக்க வேண்டிவரும். இரண்டு பேருக்கும் நடைபாதை ஓர இருக்கையாகப் பாருங்கள், பக்கத்துப் பக்கத்தில் கிடைக்காவிட்டால் எதிரெதிராக. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தாலே காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது, அதனால் எழுந்து நடக்கச் சொல்லுங்கள். இறுக்கமான காலுறை வேண்டுமா என்பதை அவர்களின் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் என்றால் எந்த ஊர் நேரப்படி எப்போது போடுவது என்பதையும் அவரிடமே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம்.